மருத்துவமனைச் சுவருக்கு வெளியே: நலவாழ்வுக் கல்வியும் திருச்சபையின் குணமாக்கும் பணியும்

முன்னுரை

மிஷன் மருத்துவமனைகளில் நெடுநாள் பணியாற்றிய மருத்துவரும் செவிலியரும் ஓர் அனுபவத்தைத் திரும்பத் திரும்பக் கூறுவதுண்டு. வயிற்றுப்போக்கினால் உடல் வற்றிக் கண் குழிந்த ஒரு குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு வருகிறாள். நரம்பு வழியே உப்புநீர் ஏற்றப்படுகிறது. நான்கைந்து நாட்களில் குழந்தை தேறிப் பால் குடிக்கிறது. தாய் கடன் வாங்கிய பணத்தைக் கட்டிவிட்டு, கைகூப்பி விடைபெற்று ஊர் திரும்புகிறாள். இரண்டு மாதங்கள் சென்றபின் அதே குழந்தை அதே நோயுடன் அதே கட்டிலுக்கு வருகிறது. சில வேளைகளில் வராமலே போய்விடுகிறது.

மருத்துவமனை தன் கடமையில் தவறவில்லை. மருந்து சரியானது, கவனிப்பு அன்பு மிக்கது, படுக்கையருகே ஜெபமும் செய்யப்பட்டது. ஆயினும் குழந்தை குடித்த நீர் மாறவில்லை. வயிற்றுப்போக்கின்போது தண்ணீர் கொடுத்தால் நோய் மிகும் என்ற எண்ணம் அந்த வீட்டில் மாறவில்லை. குழந்தையின் உயிர் வீட்டிலேயே காக்கப்படக்கூடியது என்பதை அந்தத் தாய்க்கு ஒருவரும் சொல்லவில்லை. அவ்வாறாயின், அக்குழந்தைக்கு நாம் அளித்தது முழுமையான சுகமா என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்விக்கு விடைதேடிச் சென்ற சில மருத்துவப் பணிகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அவற்றிலிருந்து ஆயர்களும் இறையியல் மாணவர்களும் கற்கவேண்டியவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. போதித்தலும் குணமாக்குதலும்

மத்தேயு 9:35இல் ஆண்டவருடைய ஊழியம் மூன்று வினைகளால் கூறப்படுகிறது: அவர் உபதேசித்தார், இராஜ்யத்தின் நற்செய்தியைப் பிரசங்கித்தார், நோய்களைச் சொஸ்தமாக்கினார். இம்மூன்றும் ஒரே பயணத்தில், ஒரே ஊர்களில், ஒரே மக்களிடையே நடைபெற்றன. பிற்காலத்தில் நாம் இவற்றை மூன்று நிறுவனங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தோம். உபதேசம் பள்ளிக்கும், பிரசங்கம் ஆலயத்திற்கும், குணமாக்குதல் மருத்துவமனைக்கும் சென்றன. இப்பங்கீட்டினால் பல நன்மைகள் விளைந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் நோயுற்றவனைக் குறித்துத் திருச்சபை செய்யவேண்டியது மருத்துவமனைக்கு ஆளனுப்புவதும் அதற்குக் காணிக்கை சேர்ப்பதும் மட்டுமே என்ற எண்ணமும் அதனோடு வந்து சேர்ந்தது.

யாக்கோபு 5:14இல் வியாதிப்பட்டவன் யாரை அழைக்கவேண்டும் என்று கூறப்பட்டுள்ளதை நாம் அறிவோம். அவன் சபையின் மூப்பர்களை அழைக்கிறான். நோய் இங்கே சபையின் விவகாரமாகிறது. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வரும் மருத்துவர்களல்லர், அயலார். அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். நோயாளியைச் சூழ்ந்திருக்கும் மக்களும் குணமாகுதலில் பங்காளிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாற்கு 10:51இல் பர்திமேயுவிடம் ஆண்டவர் கேட்ட கேள்வியும் நம் சிந்தனைக்குரியது. குருடனுக்கு வேண்டியது பார்வை என்பது கூட்டத்தார் அனைவருக்கும் தெரியும். இருந்தும், அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவன் வாயினாலேயே சொல்லும்படி ஆண்டவர் கேட்டார். உதவி பெறுகிறவனுக்கு முதலாவது கொடுக்கப்பட்டது பேசும் உரிமை. நலவாழ்வுக் கல்வியைக் குறித்து நாம் பின்னர் கூறப்போகும் பலவற்றுக்கும் இக்கேள்வியே தொடக்கமாகும்.

2. வேலூர் கற்ற பாடம்

1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தம் மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். நோயாளிகள் நகரத்துக்கு வருமளவும் காத்திருக்க அவர் விரும்பவில்லை. சாலையோர மரநிழல்களில், குறித்த நாளில் குறித்த இடத்தில் வண்டியை நிறுத்தி, காத்திருக்கும் கிராம மக்களுக்கு மருத்துவம் செய்யும் வழக்கத்தை ஏற்படுத்தினார். மருத்துவமனை தன் வாயிலைக் கடந்து செல்லவேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டிலேயே வேரூன்றியது என்பதற்கு இச்சாலையோர மருத்துவம் சாட்சியாக நிற்கிறது.

சாலையோரத்தில் அளிக்கப்பட்டதும் பெரும்பாலும் சிகிச்சையே. அறிவு எவ்வாறு சுகமளிக்கும் கருவியாகிறது என்பதை வேலூரில் மற்றொரு பணி எடுத்துக்காட்டியது. 1946இல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்பது அக்காலத்துப் பொதுவான நம்பிக்கை. நரம்பு கெட்டு வலியுணர்ச்சி அற்றுப்போவதால், கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றும்போதும் முள் தைக்கும்போதும் நோயாளி அதை உணர்வதில்லை. அவ்வாறு உணரப்படாத காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் கண்டார். சுருங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். ஆயினும் நிமிர்ந்த கையைக் காப்பதற்கு அறுவை மருத்துவம் போதவில்லை. ஒவ்வொரு மாலையிலும் தன் கைகால்களைத் தானே உற்றுநோக்கிச் சிறு காயத்தையும் கண்டுபிடிக்க நோயாளி கற்கவேண்டியிருந்தது. இரவில் உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிக்கின்றன என்று தெரிந்தபோது, நோயாளிகள் பூனை வளர்க்கக் கற்றார்கள்.

மருத்துவர் ஒருநாள் செய்ததை நோயாளி தன் வாழ்நாளெல்லாம் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டிய அறிவு நோயாளியின் கைக்கு மாறவேண்டும். நலவாழ்வுக் கல்வி என்பதன் சாரம் இதுவே. சிகிச்சைக்குப்பின் நேரமிருந்தால் சொல்லப்படும் அறிவுரையாக அதனைக் கருதுவது தவறு. அது சிகிச்சையின் பாதியாகும்.

3. டூபிங்கன் முதல் அல்மா ஆட்டா வரை

1964ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள டூபிங்கன் நகரில், உலகத் திருச்சபை மாமன்றமும் லுத்தரன் உலக ஐக்கியமும் கூட்டிய ஆலோசனைக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. நாடுகள் விடுதலை பெற்று, அரசுகளே மருத்துவமனைகளை நிறுவத் தொடங்கிவிட்ட அக்காலத்தில், கிறிஸ்தவ மருத்துவப் பணிக்கு இனி என்ன பொருள் என்பதே அங்கு ஆராயப்பட்டது. குணமாக்கும் பணி கிறிஸ்தவ மருத்துவர்களுக்கு மட்டும் ஒப்புவிக்கப்பட்டதன்று. அது சபை முழுவதற்கும் உரியது என்பது அக்கூட்டத்தின் முடிவாகும். மதுரை–இராமநாதபுரம் பேராயராயிருந்து, பின்னர் சென்னைப் பேராயராகவும் விளங்கிய லெஸ்லி நியூபிகின் அவர்களுக்கும் இச்சிந்தனையின் வளர்ச்சியில் பங்குண்டு என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பர்.

இதன் தொடர்ச்சியாக 1968இல் ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநரான ஜேம்ஸ் மெக்கில்வ்ரே, முன்பு வேலூர் மருத்துவமனையின் நிர்வாகத்தில் பணியாற்றியவர். பல நாடுகளிலும் திருச்சபைகள் நடத்திய மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது கண்ட உண்மைகள் கலக்கம் தருவனவாயிருந்தன. செலவும் உழைப்பும் ஏறக்குறைய முழுவதும் நோய் வந்தபின் செய்யும் சிகிச்சைக்கே சென்றன. ஆனால் கட்டிலில் கிடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தடுக்கக்கூடிய நோய்களுக்காகவே சேர்க்கப்பட்டவர்கள். மருத்துவமனைக்கு அருகில் குடியிருந்தவர்கள் பயன்பெற்றனர். தொலைவில் இருந்த ஏழைகள் அதன் பெயரை மட்டும் அறிந்திருந்தனர்.

ஆணையத்தின் இச்சிந்தனைகள் ஜெனீவாவிலேயே இருந்த உலக சுகாதார நிறுவனத்தை எட்டின. 1974 முதல் இரு அமைப்புகளும் கூடிப் பேசின. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் 134 அரசுகளின் பேராளர்கள் கூடி, அடிப்படை நலவாழ்வுப் பணியைக் குறித்த அறிக்கையை வெளியிட்டனர். அவ்வறிக்கை அப்பணியின் எட்டுக் கூறுகளை வரிசைப்படுத்துகிறது. தாய்சேய் நலம், தடுப்பூசி, குடிநீர், உணவு, இன்றியமையா மருந்துகள் ஆகிய அனைத்துக்கும் முன்பாக, முதலாவது வைக்கப்பட்டிருப்பது யாது? மக்களிடையே பரவியிருக்கும் நோய்களையும் அவற்றைத் தடுக்கும் முறைகளையும் குறித்த கல்வியே.

4. ஜாம்கெட்: ஓர் எடுத்துக்காட்டு

அறிக்கைகள் ஒருபுறமிருக்க, இக்கருத்துகள் ஒரு வறண்ட வட்டாரத்தில் எவ்வாறு உருப்பெற்றன என்பதைக் காண்போம். டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலே, டாக்டர் மேபல் ஆரோலே ஆகிய இருவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். மேபலின் தந்தையார் ஜபல்பூரில் ஓர் இறையியல் கல்லூரி ஆசிரியர் என்பது இவ்விதழின் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். திருமணத்திற்குப் பின் இவ்விருவரும் மகாராஷ்டிரத்தில் வடாலா என்னுமிடத்திலிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றினர். அங்கே இரவுபகலாக உழைத்தும், தாங்கள் குணப்படுத்தி அனுப்பிய நோய்களில் பெரும்பாலானவை வந்திருக்கவே வேண்டாதவை என்பதை உணர்ந்தனர். பின்னர் அமெரிக்காவில் பொதுநல மருத்துவம் கற்றுத் திரும்பி, 1970இல் அதே மாநிலத்தில், மழை குறைந்த ஜாம்கெட் வட்டாரத்தில் புதிய பணியைத் தொடங்கினர்.

ஊர் மக்களை அவர்கள் முதலாவது சந்தித்தபோது, மக்கள் மருத்துவத்தைக் குறித்துப் பேசவில்லை. தண்ணீரும் உணவும் வேண்டும் என்றார்கள். மருத்துவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டபோது, அவற்றுள் பலவற்றைத் தலித் மக்கள் வாழும் பகுதிகளிலேயே அமையும்படி செய்தனர். பொதுக் கிணற்றிலிருந்து விலக்கப்பட்டிருந்தவர்களின் தெருவுக்கு இப்போது மற்றவர்கள் நீருக்காக வரவேண்டியதாயிற்று. நல்ல நீர் வயிற்றுநோயைக் குறைத்தது. அதே கிணறு சாதி என்னும் நோயையும் தொட்டது.

நலவாழ்வுப் பணியைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல, பயிற்சிபெற்ற துணைச்செவிலியரை அனுப்பினர். அம்முயற்சி வெற்றிபெறவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்கள் கிராமத்தில் தனியே தங்க அஞ்சினர். கிராமப் பெண்களும் அவர்களிடம் மனம்திறக்கவில்லை. அப்போது ஊர்த்தலைவர் ஒருவர், எங்கள் ஊர்ப் பெண்களில் ஒருத்திக்கே ஏன் கற்றுக்கொடுக்கக் கூடாது என்ற கருத்தைத் தெரிவித்தார். அதுவே அப்பணியின் திருப்புமுனையாயிற்று.

ஊர் மக்களால் தெரிந்தெடுக்கப்பட்ட இப்பெண்களில் பலர் எழுத்தறியாதவர்கள், தாழ்த்தப்பட்ட சாதியினர், கணவனால் கைவிடப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் வாரந்தோறும் ஜாம்கெட்டுக்கு வந்து, தங்கி, கற்றுத் திரும்பினர். கருவுற்ற பெண்ணைப் பரிசோதித்தல், தூய்மையான முறையில் பிரசவம் பார்த்தல், குழந்தையின் எடையைக் குறித்தல், தொழுநோயும் காசநோயும் உடையவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் ஆகியவற்றைப் பயின்றனர். பல சாதியினரான அப்பெண்கள் ஒன்றாக உண்டு, ஒரே பெரிய போர்வையின்கீழ் உறங்கினர் என்று கூறப்படுகிறது. பாடத்திட்டத்தில் அப்போர்வைக்கும் ஓர் இடம் உண்டு என்று நாம் கருதலாம். தீண்டத்தகாதவள் என்று தள்ளப்பட்டவள் பிரசவம் பார்க்க மேல்சாதி வீட்டினுள் அழைக்கப்படும் நாள் வந்தது.

இதன் பயன் யாது? 1971இல் அக்கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. 1990களில் அவ்வெண்ணிக்கை முப்பதுக்கும் கீழே சென்றது. ஜாம்கெட்டில் எளிய முறையில் கட்டப்பட்ட மருத்துவமனை ஒன்றும் உண்டு. கிராமத்தில் தீர்க்கமுடியாத நோய்கள் அங்கே அனுப்பப்பட்டன. ஆனால் மேற்கூறிய மாற்றம் பெரும்பாலும் அக்கட்டடத்திற்கு வெளியேதான் நடைபெற்றது. 1979இல் மக்சேசே விருது இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. மேபல் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் மறைந்தனர். 2005இல் இந்திய அரசு கிராமந்தோறும் 'ஆஷா' என்னும் பெண் பணியாளரை அமர்த்தத் தொடங்கியபோது, ஜாம்கெட் போன்ற இடங்களின் அனுபவமே அதற்கு முன்னோடியாயிற்று.

1980களின் இறுதியில் இப்பெண்களுள் ஒருவர் வாஷிங்டனில் நடைபெற்ற மாநாடொன்றில் பேசினார். மண்டபத்தில் தொங்கிய சரவிளக்கைச் சுட்டிக்காட்டி, அது அழகானது, ஆனால் விலை மிக்கது, அதைப் பேணுவதற்கு வல்லுநர் வேண்டும் என்றார். பின்னர் ஒரு சிறு எண்ணெய் விளக்கைக் காட்டி, இதைக்கொண்டு மற்றொரு விளக்கை ஏற்றலாம், தாங்கள் அத்தகையவர்கள் என்னும் கருத்துப்படப் பேசினார். மருத்துவமனையும் வேண்டும், ஊர்தோறும் விளக்கும் வேண்டும். நம் திருச்சபை இதுவரை எதற்கு மிகுதியாகச் செலவிட்டுள்ளது என்பதை எண்ணிப்பார்ப்பது நலம்.

5. கற்பிக்கும் முறை

நலவாழ்வுக் கல்வி என்றவுடன் ஒலிபெருக்கியும், சுவரொட்டியும், ஆண்டுக்கொருமுறை நடைபெறும் முகாமும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றால் சிறிது பயன் உண்டு. ஆனால் கேட்டது வேறு, கற்றது வேறு, செய்வது வேறு. பிரசங்கம் செய்யும் நமக்கு இவ்வேறுபாடு புதியதன்று.

மெக்சிகோவின் மலைக்கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர் பரப்பிய ஒரு முறை இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரு சுரைக்குடுக்கையைக் குழந்தையாகப் பாவித்து, அதன் மேற்பகுதியை வெட்டித் திறந்து, அடியில் ஒரு துளையிட்டு அடைத்துவிடுகின்றனர். குடுக்கையை நிறைய நீரூற்றி, திறந்த வாயின்மேல் ஈரத்துணியைப் போர்த்துகின்றனர். அடியிலுள்ள அடைப்பை எடுத்தவுடன் நீர் வடிகிறது. மேலேயுள்ள துணி மெல்லமெல்ல உள்ளே குழிகிறது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாவதைக் கண்ட தாய்மார் அதன் காரணத்தைத் தாமே சொல்லிவிடுகிறார்கள். வடியும் குடுக்கையை நிறைந்திருக்கச் செய்ய என்ன வழி என்று கேட்டால், மேலே ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற விடையும் அவர்களிடமிருந்தே வருகிறது. வயிற்றுப்போக்கின்போது நீரை நிறுத்தக்கூடாது என்ற உண்மை இவ்வாறு அவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பாகிறது.

அந்நீரின் வலிமை 1971இல் நிரூபிக்கப்பட்டது. வங்காளதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த நீரைப் பெரிய கலங்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த இறப்பு, நான்குக்கும் கீழே குறைந்தது. மருந்தைப் புகட்டியவர்கள் தாயும் தமக்கையுமே.

பின்னர் 1980 முதல் 1990 வரை வங்காளதேசத்தில் பிராக் என்னும் நிறுவனம் வீடுவீடாகச் சென்று, மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர் ஆகியவற்றைக் கலக்கும் முறையை ஒரு கோடிக்கு மேற்பட்ட தாய்மாருக்குக் கற்பித்தது. கற்பித்த பெண்களுக்கு ஊதியம் வழங்கிய முறை நம் சிந்தனைக்குரியது. அவர்கள் எத்தனை வீடுகளுக்குச் சென்றார்கள் என்பதைக்கொண்டு ஊதியம் கணக்கிடப்படவில்லை. சில நாட்களுக்குப் பின் மற்றொருவர் சென்று, தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள், கலவையைச் சரியாகச் செய்கிறாளா என்று சோதித்தார். அதன்படியே கற்பித்தவருக்கு ஊதியம் கிடைத்தது. பேசியவர் பேசியதற்கன்றி, கேட்டவர் கற்றதற்கே மதிப்பு. நம்முடைய பிரசங்கங்களுக்கு இவ்வளவுகோல் பயன்படுத்தப்படுமாயின் நம் நிலை என்னவாகும்?

அப்பணியிலும் தொடக்கத்தில் ஒரு குறை காணப்பட்டது. தாய்மார் கலக்கும் முறையை நன்கு அறிந்திருந்தும், நோய் வந்தபோது மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினர். காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த பணியாளர்களே தங்கள் வீட்டில் அதை நம்பிப் பயன்படுத்தவில்லை என்பது தெரியவந்தது. வீட்டு ஆண்களுக்கு ஒன்றும் சொல்லப்படாததால் அவர்கள் அதனை ஆதரிக்கவில்லை என்பதும் தெரிந்தது. தான் நம்பாததைக் கற்பிப்பவனின் சொல் கேட்பவரைச் சேராது. குடும்பத்தில் ஒருவரை மட்டும் கற்பித்து, முடிவெடுப்பவரை விட்டுவிட்டால் பயனில்லை. இவ்விரண்டு பாடங்களும் ஊழியர்களாகிய நமக்கும் உரியவை.

6. இன்றைய நிலை

மேற்கூறியவை யாவும் கடந்தகாலச் செய்திகள் என்று எண்ணிவிடலாகாது. இன்று தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன, ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் தடுப்பூசியும் கிடைக்கின்றன. குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்துள்ளது. இதற்காக நாம் நன்றியுள்ளவர்களாயிருக்க வேண்டும். ஆனால் நோயின் முகம் மாறியிருக்கிறது. நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் இன்று எந்தச் சபையிலும் உண்டு. இந்நோய்கள் வலியின்றி வருகின்றன. உடம்பில் ஒரு துன்பமும் தோன்றாதபோது மாத்திரை ஏன் என்று மக்கள் நிறுத்திவிடுகிறார்கள். பின்னர் பக்கவாதமோ, சிறுநீரகக் கேடோ, ஆறாத காலபுண்ணோ வந்து, நிலத்தை விற்று மருத்துவமனைக்குச் செலுத்தவேண்டிய நிலை உண்டாகிறது. நீரிழிவினால் காலின் உணர்ச்சி குறைந்தவர் நாள்தோறும் பாதத்தை உற்றுநோக்க வேண்டும். வேலூரில் தொழுநோயாளர் கற்ற அதே பாடம் இன்று நம் சபையின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் தேவையாகிறது.

அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் இந்நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் நோக்கமுடையது. ஐடா ஸ்கடரின் வண்டி சென்ற வழியில் அரசு செல்கிறது எனலாம். வேலூர் மருத்துவக் கல்லூரியும் 1977இல் கே.வி. குப்பம் வட்டாரத்தில் ரூசா என்னும் ஊரகப் பணியைத் தொடங்கி, நலவாழ்வையும் சமுதாய முன்னேற்றத்தையும் இணைக்க முயன்றது. மற்றொருபுறம், நம் மிஷன் மருத்துவமனைகளில் பல மூடப்பட்டுவிட்டன. சில, தனியார் மருத்துவமனைகளோடு போட்டியிடும் கட்டாயத்தில் விலை மிக்க கருவிகளை நாடுகின்றன. கட்டடத்தைக் காப்பாற்றுவதே மருத்துவ ஊழியத்தைக் காப்பாற்றுவதாகும் என்ற மயக்கத்திற்கு நாம் ஆளாகிவிடக் கூடாது. டூபிங்கனில் கூறப்பட்டது உண்மையானால், மருத்துவமனை மூடப்பட்ட ஊரிலும் குணமாக்கும் பணி தொடரக்கூடும். ஏனெனில் அங்கே சபை இருக்கிறது.

7. ஆயர் செய்யக்கூடியவை

முதலாவது, கேட்டறிதல். ஆயர் வீடு சந்திக்கச் செல்லும்போது ஜெபவிண்ணப்பங்களாகக் கேட்பவற்றில் பெரும்பகுதி நோயைப் பற்றியவை. ஓர் ஆண்டின் விண்ணப்பங்களைக் குறித்துவைத்துப் பார்த்தால், அவ்வூரின் நோய்கள் யாவை, எவை தடுக்கக்கூடியவை என்பது விளங்கும். அக்குறிப்பைப் பெயர்களை நீக்கி மருத்துவமனையிடம் பகிர்ந்துகொண்டால், முகாம் எங்கே, எதற்காக வேண்டும் என்பதை மருத்துவரும் அறிவார்.

இரண்டாவது, ஆளைத் தெரிந்தெடுத்தல். பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ ஞாயிறுபள்ளி ஆசிரியர்களிடையேயோ, மக்கள் நம்பி மனம்திறக்கும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் மிகப் படித்தவராயிருக்க வேண்டியதில்லை. அவரைக் கிராம சுகாதாரச் செவிலியருடனும் மருத்துவமனையின் சமுதாய மருத்துவப் பகுதியுடனும் இணைத்துவைப்பது ஆயரின் பணி. அவருடைய உழைப்பு சபை மக்களுக்கு மட்டும் உரியதன்று. ஊர் முழுவதற்கும் உரியது. மருத்துவ உதவியை மதமாற்றத் தூண்டிலாக்குவது நற்செய்திக்கே இழிவாகும். ஒன்பது பேர் திரும்பிவராவிட்டாலும் பத்துப்பேரும் சுத்தமானார்கள் என்பதை லூக்கா 17ஆம் அதிகாரம் நமக்கு நினைவூட்டுகிறது.

மூன்றாவது, நம் சொல்லைக் காத்தல். இது மிகவும் கவலைக்குரியது. குணமளிக்கும் கூட்டங்களில் ஜெபித்தபின், இனி மாத்திரை வேண்டாம், உட்கொண்டால் அவிசுவாசம் என்று கூறும் வழக்கம் சில இடங்களில் பரவியுள்ளது. இச்சொல்லை நம்பி வலிப்பு நோய்க்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்தை நிறுத்தியவர்கள் உயிருக்கே ஆபத்தான நிலையை அடையக்கூடும். காசநோய்க்குரிய ஆறுமாத மருந்தை இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகி, வீட்டிலுள்ள பிறரையும் பற்றும். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைப் பீடத்திலிருந்து தெளிவாகக் கூறவேண்டியவர் ஆயரே. இக்காரியத்தில் மருத்துவரின் சொல்லைவிட ஆயரின் சொல்லுக்கு மக்கள் செவிகொடுப்பார்கள். ஆகவே ஆயர் மௌனமாயிருப்பதும் ஒரு போதனையாகிவிடுகிறது.

நான்காவது, பழி சுமத்தாமை. பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது யார் என்று கேட்டனர். ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளினார் (யோவான் 9:2–3). தொழுநோயையும், எச்.ஐ.வி. தொற்றையும், மனநோயையும், குழந்தையின்மையையும் குறித்துப் பேசும்போது நம் பிரசங்கங்களில் அப்பழைய கேள்வி மீண்டும் தலைதூக்குகிறது. வெட்கத்தினால் நோயை மறைப்பவனுக்கு எந்த மருத்துவமனையும் உதவ இயலாது. வெட்கத்தை நீக்குவது நலவாழ்வுக் கல்வியின் முதற்பாடம். அதைக் கற்பிக்க ஆலயத்தைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

ஐந்தாவது, இறையியல் மாணவரின் பயிற்சி. நம் மாணவர்கள் மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் பயிற்சி பெறுகின்றனர். அது தேவையானது. அதனுடன், சில நாட்களேனும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரின் பின்னே நடந்துசென்று, அவர் எவ்வாறு வாசற்படியில் அமர்கிறார், எப்படிக் கேட்கிறார், எப்போது பேசாதிருக்கிறார் என்பதைக் கவனிக்கும் பயிற்சியும் சேர்க்கப்படலாம். ஆயர்பணிக்கு அது சிறந்த பாடமாக அமையும்.

முடிவுரை

தொடக்கத்தில் கூறிய தாயிடம் மீண்டும் வருவோம். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது கட்டில் ஆயத்தமாயிருக்க வேண்டும். திறமையுள்ள மருத்துவரும் இருக்கவேண்டும். அவள் திரும்பிச் செல்லும்போது, உப்பும் வெல்லமும் நீரும் கலக்கும் அறிவு அவள் கையில் இருக்கவேண்டும். தெருவில் அவளுக்குத் துணைநிற்க ஒரு பெண்ணும், அவ்விருவருக்கும் பின்னே ஒரு சபையும் இருக்கவேண்டும். அவ்வறிவை அவள் பெற்றுவிட்டால், அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரமாட்டாள். மருத்துவமனையின் வருகைப்பதிவில் ஓர் எண் குறையும். காணிக்கைக்காக எழுதப்படும் அறிக்கையில் குறிப்பிட ஒன்றும் இராது. குணமான குழந்தையைக் காட்டிப் படம் எடுக்க முடியும். நோய்வாய்ப்படாத குழந்தையைக் காட்ட இயலாது.

எண்ணிக்கையில் வராத இந்நன்மைக்காக உழைக்க நாம் ஆயத்தமா? நம் மருத்துவ ஊழியத்தின் எதிர்காலம் இக்கேள்விக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்திருக்கிறது. ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பணிக்கென ஒரு ஞாயிற்றை ஒதுக்கிக் காணிக்கை சேர்க்கும் சபைகள், அடுத்தமுறை காணிக்கைப் பையோடு ஒரு சுரைக்குடுக்கையையும் பீடத்தருகே கொண்டுவருமாயின், அது நல்ல தொடக்கமாகும்.